ஊர் லைசென்ஸும் பிரிட்டன் சாலையும்: ஒரு வருஷம் போதுமா?

பிரிட்டனுக்கு வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ வரும் தமிழர்கள் பலரும் லைசென்ஸ் பற்றி ஒரே ஒரு செய்தியோடுதான் விமானம் ஏறுகிறார்கள்: "ஊர் லைசென்ஸிலேயே ஒரு வருஷம் ஓட்டலாம்." செய்தி சரிதான். தமிழ்நாட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் கொடுத்த அட்டையானாலும், இலங்கையின் சாரதி அனுமதிப்பத்திரமானாலும், அது காலாவதி ஆகாமல் இருந்தால் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் கார் ஓட்டலாம். பக்கத்தில் ஆள் வேண்டாம், எல் போர்டும் வேண்டாம். அந்த ஒரு வருஷத்தைத் தாராளமான அவகாசம் என்று நம்பிவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இன்னும் இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு குறுகலானது என்று புரியும். ஒன்று 185 நாள். மற்றொன்று 24 வாரம்.

பிரிட்டிஷ் லைசென்ஸுக்கான சாலைத் தேர்வில் கலந்துகொள்ள, தேர்வு நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 185 நாளாவது இங்கிலாந்திலோ ஸ்காட்லாந்திலோ வேல்ஸிலோ வாழ்ந்திருக்க வேண்டும். ஆக, வந்த முதல் ஆறு மாதம் தேர்வுக்கே தகுதி கிடையாது. தேர்வை நடத்தும் டிவிஎஸ்ஏ என்ற அரசு நிறுவனமோ, அதிகபட்சம் 24 வாரம் முன்னால் வரைக்கும்தான் தேதிகளைத் திறந்துவைக்கிறது. கோவிட் காலத்தில் தேர்வுகள் நின்றுபோனதில் சேர்ந்த நெரிசல் இன்னும் வடியவில்லை. 2025இலும் பல மையங்களில் காத்திருப்பு அந்த 24 வார உச்சத்தையே தொட்டு நின்றது. 24 வாரம் என்றால் 168 நாள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மாதம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர் 186ஆம் நாள் பதிவு செய்யப் போனால், கிடைக்கிற தேதி 354ஆம் நாள் பக்கம் விழும். வருஷம் முடிய மிச்சம் பதினொரு நாள். அதில் தோற்றால் அடுத்த தேர்வுக்கு நடுவே குறைந்தது 10 வேலை நாள் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. ஊர் லைசென்ஸின் ஆயுள் அதற்குள் முடிந்துவிடும்.

முதல் மாதமே பதிவு செய்தவர் கதை வேறு. 30ஆம் நாள் பதிவு செய்து, 24 வாரம் தள்ளித் தேதி கிடைத்தாலும் அவருக்கு 198ஆம் நாள் தேர்வு; தகுதி வந்து இரண்டு வாரத்துக்குள். 185 நாள் நிபந்தனை தேர்வு நடக்கும் நாளுக்குத்தான், பதிவு செய்யும் நாளுக்கு இல்லை. இதை யாராவது வந்த வாரமே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள். ஆனால் இப்படி முந்திக்கொண்டவரும் 198ஆம் நாள் தோற்று, மறுபடி 24 வாரம் காத்திருக்க நேர்ந்தால் எங்கே போய் நிற்பார்? 366ஆம் நாளில். சட்டம் தருகிற ஒரு வருஷத்துக்குள், நெரிசலான ஊர்களில், உண்மையில் கைக்குக் கிட்டுவது ஒரே ஒரு வாய்ப்புதான். யாராவது ரத்து செய்கிற தேதி இடையில் கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

வேலையே வண்டியில் இருப்பவர்கள்

லண்டனில் டியூப், பஸ் என்று காலத்தை ஓட்டிவிடலாம். இந்தக் கணக்கு உண்மையில் கழுத்தை நெரிப்பது வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் கேர் ஊழியர்களைத்தான். 2022 பிப்ரவரியில் இந்த வேலைக்கு விசா திறக்கப்பட்டபோது கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பலர் கடன் வாங்கி வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலை 22ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஏற்கெனவே வந்தவர்கள் வேலையில் இருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டில் குளிப்பாட்டிவிட்டு, எட்டு மணிக்கு ஐந்து மைல் தள்ளி இன்னொரு வீட்டில் மாத்திரை கொடுக்க வேண்டும். சிற்றூர்களில் அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. லைசென்ஸ் போனால் சுற்று போகும், சுற்று போனால் வேலை ஆட்டம் காணும். வேலை போய் ஸ்பான்சர்ஷிப் நின்றால், வேறு ஸ்பான்சரைத் தேடிக்கொள்ள உள்துறை வழக்கமாகத் தரும் அவகாசம் 60 நாள். ஒரு சாலைத் தேர்வின் தேதியில் ஒரு குடும்பத்தின் விசாவே தொங்குகிறது. வேலையில் சேரும்போதே லைசென்ஸ் விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை நிறுவனங்களுக்கு இருக்கிறது. பயிற்சிக்கும் தேர்வுக்கும் நேரம் ஒதுக்கித் தருவதும் அதில் சேரும்.

ஊருக்குப் போய்த் திரும்பினால் புதிதாக ஒரு வருஷம் கிடைக்குமா?

கிடைக்காது. வாட்ஸ்அப் குழுக்களில் அலையும் நம்பிக்கைகளில் மிக ஆபத்தானது இது. இதற்கு ஒரு வேர் இருக்கிறது. விசிட்டர் விசாவில் வருபவர்களுக்குக் கடைசியாக நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து 12 மாதம் என்பது விதி. பேரப்பிள்ளையைப் பார்க்க மதுரையிலிருந்து வரும் அப்பா ஒவ்வொரு வருகையிலும் மருமகனின் காரைத் தாராளமாக ஓட்டலாம், இன்ஷூரன்ஸில் பெயர் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஆனால் அந்த மருமகன் இங்கேயே வாழ்பவர். அவருக்குக் குடியேறிய நாள் ஒன்றுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தாலும் அது நகராது. இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துவருவதும் இந்த 12 மாதத்தை ஒரு நாள்கூட நீட்டாது.

ஊர் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு பிரிட்டிஷ் லைசென்ஸாக மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. மாற்றிக்கொள்ள அனுமதி உள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் இருக்கின்றன. அங்கே வேலை பார்த்து, அங்கேயே தேர்வெழுதி லைசென்ஸ் வாங்கிய தமிழர்கள் பலர் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் இங்கே குடியேறிய ஐந்து வருஷத்துக்குள் தேர்வில்லாமலே மாற்றிக்கொள்ளலாம். பழைய துபாய் அட்டை அலமாரியில் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள்.

மற்றவர்கள் எல்லாரும் ஆரம்பத்திலிருந்துதான். பதினைந்து வருஷம் சென்னை அண்ணா சாலையில் ஓட்டியவரும் முதலில் வாங்க வேண்டியது நம் எல்.எல்.ஆர். போன்ற புரொவிஷனல் லைசென்ஸ். லைசென்ஸ் வழங்கும் அரசு நிறுவனமான டிவிஎல்ஏவிடம் இணையத்தில் விண்ணப்பித்தால் 34 பவுண்ட், தபாலில் 43. கடந்த மூன்று வருஷ முகவரிகளைக் கேட்பார்கள். ஊர் முகவரியைக் கொடுக்கத் தயங்க வேண்டாம். பிளாஸ்டிக் விசா அட்டைகள் வழக்கொழிந்து ஈவிசா வந்துவிட்டதால், அதில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று முன்னாலேயே பாருங்கள். இனிஷியலை விரித்தும் சுருக்கியும் எழுதிப் பழகிய நமக்கு இங்கேதான் தபால் திரும்பி வரும். அரசின் தளம் போலவே தோன்றும் இடைத்தரகர் தளங்கள் கூடுதல் பணம் பிடுங்கக் காத்திருக்கின்றன. இன்னொன்றும் கேட்பார்கள்: புரொவிஷனல் வாங்கிவிட்டால் ஊர் லைசென்ஸில் தனியே ஓட்டக்கூடாதா? ஓட்டலாம். 12 மாதம் முடியும்வரை அந்த உரிமை அப்படியே இருக்கும். அதனால் புரொவிஷனலைத் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

அடுத்தது தியரி. 23 பவுண்ட் கட்டணம், 57 நிமிடத்தில் 50 கேள்வி, 43 சரியாக இருக்க வேண்டும். பிறகு 14 சிறு காணொளிகள். சாலையில் ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்திலேயே மவுஸை அழுத்த வேண்டும், சீக்கிரம் அழுத்தினால் ஐந்து மதிப்பெண் வரை. மொத்தம் 75இல் 44 தேவை. சும்மா தொடர்ந்து தட்டிக்கொண்டே இருந்தால் கணினி கண்டுபிடித்துப் பூஜ்யம் போட்டுவிடும். ஒரு காலத்தில் இந்தக் கேள்விகளைத் தமிழ்க் குரலில் கேட்டு எழுத முடிந்தது. ஆள்மாறாட்டமும் மோசடியும் நடப்பதாகவும், ஆங்கிலச் சாலைப் பலகைகளைப் படிக்கத் தெரிய வேண்டும் என்றும் சொல்லி, 2014 ஏப்ரல் 7 முதல் அந்த வசதியை நீக்கிவிட்டார்கள். இன்று ஆங்கிலமும் வெல்ஷும்தான். மோசடியைத் தடுப்பது நியாயம். ஆனால் சாலை விதியை நன்றாகப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் தடுமாறும் அம்மாக்கள் அதற்கு விலை கொடுக்கிறார்கள் என்பதை மறக்க முடியாது. நெடுஞ்சாலை விதிப்புத்தகத்தை வீட்டில் யாராவது ஒருவர் அவர்களோடு உட்கார்ந்து தமிழில் விளக்கிப் படித்தால் பாதிச் சுமை குறையும். தியரி சான்றிதழ் இரண்டு வருஷம் செல்லும். அதன் எண் இருந்தால்தான் சாலைத் தேர்வுக்குப் பதிவு செய்ய முடியும். அதனால்தான் முதல் மாதத்திலேயே இதை முடிக்கச் சொல்வது.

பழகிய கை எங்கே தவறுகிறது

சாலைத் தேர்வு வார நாளில் 62 பவுண்ட், மாலையிலும் வார இறுதியிலும் 75. கிட்டத்தட்ட 40 நிமிடம் ஓடும். முதலில் 20 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பரைப் படிக்கச் சொல்வார்கள். படிக்க முடியாவிட்டால் அங்கேயே முடிந்தது. சின்னத் தவறு 15 வரை மன்னிப்பு. பெரிய தவறு ஒன்று போதும், தோல்வி. உள்ளூர்க்காரர்களிலேயே பாதிப் பேர் முதல் முறையில் தேறுவதில்லை என்பதால், தோற்றவர் கூனிக் குறுக வேண்டியதில்லை.

இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம். அதனாலேயே நம்மவர்களுக்கு ஒரு தைரியம் வருகிறது. அந்தத் தைரியம் உடைவது ரவுண்டானாவில். வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட்டுத்தான் நுழைய வேண்டும். எந்த வழியில் வெளியேறப்போகிறீர்களோ அதற்கேற்ற லேனை உள்ளே போகும் முன்பே பிடித்திருக்க வேண்டும். மூக்கை நுழைத்து இடம் பிடிக்கும் நம் ஊர் வித்தை இங்கே பெரிய தவறு. அதே நேரம், இடம் இருந்தும் போகாமல் தயங்கி நிற்பதும் தவறுதான். அடுத்தது கண்ணாடி. இண்டிகேட்டர் போடும் முன், வேகம் மாற்றும் முன், நகரும் முன் என்று ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் பார்க்க வேண்டும், பார்ப்பது தேர்வாளருக்குத் தெரியவும் வேண்டும். ஸ்டாப் பலகை இருந்தால் சாலை காலியாக இருந்தாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். ஹெட்லைட்டை அடித்தால் நம் ஊரில் "நான் வருகிறேன், நில்" என்று பொருள். இங்கே பலரும் "நீ போ" என்பதற்கு அடிக்கிறார்கள். விதிப்புத்தகமோ இரண்டையும் ஏற்பதில்லை, நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டும்தான் அனுமதிக்கிறது. இதில் குழம்பி நடுச்சாலையில் மோதியவர்கள் இரு பக்கத்திலும் உண்டு.

ஆகவே ஊரில் எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும், உள்ளூர் இன்ஸ்ட்ரக்டரிடம் சில மணி நேரமாவது பயிற்சி எடுங்கள். செலவு உறைக்கும்தான், ஆனால் தேர்வில் தோற்று இன்னொரு அரை வருஷம் காத்திருப்பதைவிட அது மலிவு. ஆட்டோமேட்டிக் காரில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்து வண்டி கியர் வண்டியாக இருந்தால் மறுபடி தேர்வு.

தேதி கிடைக்காத தவிப்பைக் காசாக்கும் கூட்டமும் இருக்கிறது. மென்பொருள் வைத்துத் தேதிகளை அள்ளிப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். 2026 வசந்த காலத்திலிருந்து தேர்வெழுதுபவர் மட்டுமே தனக்குப் பதிவு செய்யலாம் என்று 2025 நவம்பரில் அரசு அறிவித்ததற்கு இதுதான் காரணம். "தேர்வே இல்லாமல் லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன்" என்று சமூக ஊடகத்தில் வருபவரிடம் பேச்சே வேண்டாம். வேறு ஆளை அனுப்பித் தேர்வெழுத வைத்தவர்கள் இங்கே சிறைக்குப் போயிருக்கிறார்கள்.

12 மாதம் தாண்டியும் ஊர் லைசென்ஸில் தனியே ஓட்டினால் அபராதம் 1,000 பவுண்ட் வரை போகலாம். அதைவிடக் கொடியது இன்ஷூரன்ஸ் செல்லாமல் போவது. அதற்கு 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் ஆறு கரும்புள்ளி. காரையும் போலீஸ் எடுத்துப்போகலாம். வருஷம் கடந்துவிட்டவர் எல் போர்டு மாட்டி, 21 வயதுக்கு மேற்பட்ட, மூன்று வருஷமாவது முழு லைசென்ஸ் வைத்திருப்பவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் ஓட்ட முடியும். மோட்டார்வேயில் ஏற வேண்டுமானால், பக்கத்தில் அமர்பவர் அங்கீகாரம் பெற்ற இன்ஸ்ட்ரக்டராகவும், கார் இரட்டைப் பிரேக் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

தேறிய அன்றே தனியே ஓட்டலாம், அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 1995ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று புதிய ஓட்டுநர்களுக்கு இரண்டு வருஷ சோதனைக் காலம் வைத்திருக்கிறது. அதற்குள் ஆறு கரும்புள்ளி விழுந்தால் லைசென்ஸ் ரத்து. மறுபடி புரொவிஷனல், மறுபடி தியரி, மறுபடி சாலைத் தேர்வு. செல்போனைக் கையில் எடுத்துப் பேசிக்கொண்டே ஓட்டிப் பிடிபட்டால் ஒரே தடவையில் விழுவது அந்த ஆறு. ஊரில் ஓட்டிய வருஷங்கள் இந்தச் சோதனைக் காலத்தில் கழிக்கப்படுவதில்லை.