மிச்ச வயர்: வைத்துக்கொள்வதா, எடைக்குப் போடுவதா?

வீட்டில் வயரிங் வேலை நடந்தால் கொஞ்சம் வயர் மிஞ்சத்தான் செய்யும். சுருட்டிப் பரணில் போட்டுவிடுவோம். அதோடு பழைய கம்ப்யூட்டரின் பவர் கார்டு, கெட்டுப்போன யு.பி.எஸ்.ஸின் வயர், டெலிபோன் வயர் எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டையாகிவிடும். "இருக்கட்டும், எதற்காவது உதவும்" என்பார் ஒருவர். "காயலான் கடையில் போட்டால் காசாவது வரும்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. தப்பான வயரை எடுத்துத் தப்பான இடத்தில் போட்டால் வீடே தீப்பிடிக்கலாம் என்பதால், கொஞ்சம் யோசித்தே பிரிக்க வேண்டும்.

செவ்வாப்பேட்டையில் எங்கள் வீடு 1980களில் கட்டியது. கம்ப்யூட்டர் அறைக்குத் தனி லைன் இழுத்தபோது பழைய வயர்களையும் மாற்றினோம். கடைசியில் என் கையில் நின்றவை இவை: 1.5 சதுர மி.மீ. காப்பர் வயர் 40 மீட்டர், 2.5 சதுர மி.மீ. 12 மீட்டர், பைப்பிலிருந்து உருவிய பழைய அலுமினிய வயர் ஒரு கட்டு, அரை மீட்டர் ஒரு மீட்டர் என்று துண்டுகள் ஒரு பை. இவற்றைப் பிரிக்க நான் பார்த்த விஷயங்களை இங்கே தருகிறேன்.

அச்சைப் படியுங்கள்

நல்ல வயரின் மேல் கம்பெனி பெயர், அளவு, 1100 வோல்ட், ஐ.எஸ். 694 என்ற தர எண் ஆகியவை அச்சாகியிருக்கும். பழைய வயரில் 3/20, 7/20 என்று இருக்கலாம். 3/20 என்றால் 20 கேஜ் கம்பி மூன்று; ஏறக்குறைய 2 சதுர மி.மீ. 7/20 என்றால் ஏறக்குறைய 4.6 சதுர மி.மீ. அச்சே இல்லாத, ஊர் பேர் தெரியாத வயரை மின்சார வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

காப்பர்தானா?

கத்தியால் கம்பியை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் காப்பர். மேலே சிவப்பும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது காப்பர் பூசிய வேறு உலோகம். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. இரண்டும் எடைக்குத்தான். அலுமினிய வயரையும் வைக்காதீர்கள். அதைக் காப்பரோடு முறுக்கி இணைத்தால் நாளடைவில் இணைப்பு அரித்துத் தளர்ந்து சூடேறும்.

தோல் எப்படி இருக்கிறது?

வயரை ஒரு பென்சிலைச் சுற்றி வளையுங்கள். பி.வி.சி. தோல் வெடித்தாலோ, நிறம் மாறிக் கருகியிருந்தாலோ, பிசுபிசுத்தாலோ கம்பி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைக் கழித்துவிடுங்கள். தோலில் கண்ணுக்குத் தெரியாத கோளாறு இருந்தால் மல்டிமீட்டர் காட்டாது. சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த வேலைக்கு?

நம் ஊர் வயரிங்கில் வழக்கமாக விளக்கு, ஃபேனுக்கு 1 அல்லது 1.5 சதுர மி.மீ.; 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4. ஏன் இந்தக் கணக்கு? 10 மீட்டர் தூரத்தில் 2000 வாட் ஹீட்டர் ஒன்று ஓடுகிறது என்று வையுங்கள். சுமார் 8.7 ஆம்பியர் எடுக்கும். போக வர 20 மீட்டர் வயர். 1 சதுர மி.மீ. என்றால் வயரிலேயே சுமார் 27 வாட் சூடாக வீணாகும். 2.5 என்றால் சுமார் 11 வாட்தான். அதே வயர் சுருட்டிய நிலையில் இருந்தால் சூடு வெளியேற வழியில்லை.

கம்ப்யூட்டர் பவர் கார்டின் மேல் 0.75 என்று அச்சிட்டிருந்தால், அதை வெட்டி இஸ்திரிப் பெட்டிக்கோ ஹீட்டருக்கோ மாட்டாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மேலுறை உள்ள மூன்று கோர் வயர்தான் வேண்டும். மிஞ்சிய ஒற்றை வயர்களை முறுக்கிச் செய்வது ஆபத்து. டெலிபோன், நெட்வொர்க் வயரில் 230 வோல்ட் விடவே கூடாது.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க. 600 வாட் லோடுக்கு 230 வோல்ட் பக்கம் 2.6 ஆம்பியர்தான். ஆனால் 12 வோல்ட் பேட்டரி பக்கம் 50 ஆம்பியருக்கு மேல் ஓடும். அங்கே மிச்ச வயர் எதுவும் உதவாது. கம்பெனி கொடுத்த தடித்த கேபிளையே போடுங்கள்.

எடைக்குப் போட்டால்?

ஒரு சுலபமான கணக்கு: சதுர மி.மீ. அளவை மீட்டரால் பெருக்கி, அதை 9ஆல் பெருக்குங்கள். கிடைப்பது கிராமில் காப்பரின் எடை. 90 மீட்டர் 1.5 சதுர மி.மீ. காயிலில் சுமார் 1.2 கிலோ காப்பர் இருக்கிறது. என்னுடைய 40 மீட்டரில் 540 கிராம். அன்றைய காயலான் கடை விலையை விசாரித்து, அதே வயரைப் புதிதாக வாங்கும் விலையோடு ஒப்பிடுங்கள். நீளமான நல்ல வயரை விற்பது நஷ்டம் என்று தெரியும். துண்டு வயருக்கு இது பொருந்தாது. ஜாயின்ட் போட்டு அதை லைனில் விடக் கூடாது என்பதால், அதன் மதிப்பு எடைதான்.

தோலோடு போட்டால் விலை குறைவு என்று சிலர் வயரை எரித்துக் கம்பி எடுக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். டையாக்சின் என்ற கொடிய நச்சும் உண்டாகும். போகியன்று பிளாஸ்டிக், டயர் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடைபட்டன. எரித்த கம்பி கறுத்துப் போவதால் விலையும் குறையும். கத்தியால் உரியுங்கள், முடியாவிட்டால் தோலோடு போடுங்கள். பழைய கம்ப்யூட்டரையும் அதன் வயர்களையும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுப்பதே முறை. இதற்கான புதிய மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

என் முடிவு

1.5 வயர் 40 மீட்டரையும் 2.5 வயர் 12 மீட்டரையும் வைத்துக்கொண்டேன். அலுமினியக் கட்டும் துண்டுப் பையும் எடைக்குப் போயின. காப்பரையும் அலுமினியத்தையும் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தேன். கலந்து கொடுத்தால் கடைக்காரர் குறைந்த விலையைத்தான் போடுவார்.

வைத்துக்கொள்ளும் வயரில் ஒரு டேப் ஒட்டி, அளவு, நீளம், வாங்கிய ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். வெயில் படாத, எலி வராத இடத்தில் வையுங்கள். பிறகு எலக்ட்ரீஷியன் வரும்போது "எங்களிடமே இருக்கிறது" என்று தைரியமாக எடுத்துக் கொடுக்கலாம்.