கோவா குடும்பமும் நம் குடும்பமும்

சனிக்கிழமைகளில் டூட்டிங்கிலும் வெம்பிளியிலும் ஈஸ்ட்ஹாமிலும் நம்மவர் கடைகளில் முருங்கைக்காயும் பாகற்காயும் புடலங்காயும் வாங்கக் கூட்டம் நிற்கிறது. ஆகாயவிமானத்தில் வந்து இறங்கிய மரக்கறி ஆகையால் விலையும் ஆகாயத்தில்தான் நிற்கிறது. ஊர் மரக்கறியின் ருசி நமக்கு வேண்டியதுதான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்நாட்டு மண்ணிலேயே விளைந்து, அதே தெருவில் அடுத்த கடையில் மலிவாகக் குவிந்து கிடக்கும் ஒரு மரக்கறிக் குடும்பத்தை நம் இல்லங்களில் போதிய அளவு மதிப்பதில்லை. கோவா வறையோடு அதனுடனான நமது உறவு முடிந்துவிடுகிறது.

கோவா, பூக்கோவா, புரோக்கோலி, பிரசல்ஸ் ஸ்பிரவுட்ஸ் எனப்படும் குட்டிக் கோவா, கேல் எனப்படும் சுருட்டைக் கீரை, நோகோல் ஆகிய ஆறும் உண்மையில் ஒரே தாவர இனம். காட்டுச் செடி ஒன்றை விவசாயிகள் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்து வந்ததில், ஒன்றில் இலை திரண்டது, ஒன்றில் தண்டு பருத்தது, ஒன்றில் பூமொட்டு பெருத்தது. முள்ளங்கியும் டேர்னிப்பும் வாட்டர்கிரெஸ் கீரையும் இவற்றின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். இவை எல்லாவற்றின் பூவிலும் நான்கு இதழ்கள் சிலுவை வடிவில் விரிந்திருப்பதால் தாவரவியலார் சிலுவைப்பூக் குடும்பம் என்று பெயரிட்டனர். நாம் நாள்தோறும் தாளிக்கும் கடுகும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. கடுகைப் பற்றிப் பின்னர் சொல்ல இருக்கிறது.

நமக்கு இவை ஏன் முக்கியம்? இந்நாட்டில் வாழும் தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். நமது தட்டைப் பாருங்கள்: சோறு ஒரு மலை, மரக்கறி அதன் அடிவாரத்தில் இரண்டு கரண்டி. சமைத்த சோறு 100 கிராமில் மாச்சத்து 30 கிராமை நெருங்குகிறது. அதே நிறை பூக்கோவாவில் ஏறத்தாழ 5 கிராம்தான். சோற்றைக் கைவிடும்படி எவரும் கேட்கவில்லை. மலையைக் குன்றாக்கி, அந்த இடத்தில் கோவாவையோ புரோக்கோலியையோ வைத்தால், வயிறும் நிறையும், சர்க்கரையும் சட்டென ஏறாது.

மாமிசம் உண்ணாத இல்லங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. உடன் விற்றமின் சி இருந்தால் ஏற்றுக்கொள்ளும். பச்சைப் புரோக்கோலி 100 கிராமில் அது 80, 90 மில்லிகிராம் உண்டு. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 40. ஆகவே பருப்புக் கறியோடு அரைவேக்காட்டில் புரோக்கோலி சேர்ந்தால் இரத்தச்சோகை உள்ள பெண்களுக்கு அது மிக நல்ல சோடி. (சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்த நன்மையில் பெரும்பகுதி போய்விடும்.) கல்சியத்திலும் இப்படித்தான். ஸ்பினாச் கீரையில் கல்சியம் இருந்தும் ஒக்சலேற் என்ற பொருள் அதைப் பூட்டி வைக்கிறது. கேலில் ஒக்சலேற் மிகக் குறைவு. அதன் கல்சியம் பாலில் உள்ளதைப் போலவே உடலில் சேர்கிறது.

புற்றுநோயைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் இந்த மரக்கறிகளுக்கென்றே ஒரு முழு நூலை வெளியிட்டது. அதன் முடிவு அடக்கமானது: சில புற்றுநோய்களின் ஆபத்து ஓரளவு குறையலாம் என்பதே. "புரோக்கோலி சாப்பிட்டால் புற்றுநோய் அண்டாது" என்று கைத்தொலைபேசியில் வந்து குவியும் செய்திகளை இந்த அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள்.

இனிச் சமையலுக்கு வருவோம். நன்மையும் தீமையும் அங்கேதான் தீர்மானமாகின்றன. குட்டிக் கோவாவை நீரில் குழைய அவித்து, சாம்பல் நிறமாக்கிப் பரிமாறுவது ஆங்கிலேயரின் பழைய வழக்கம். நம்மவர் பூக்கோவாவைக் குழம்பில் போட்டு அது உருத்தெரியாமல் கரையும்வரை கொதிக்க விடுவர். இரண்டும் ஒன்றுதான். வேக வேக இவற்றிலிருந்து கந்தக வாடை கிளம்புகிறது; விற்றமின் சி நீரில் இறங்கி, அந்த நீரோடு தொட்டிக்குள் போகிறது. நமது வறையோ இந்த விஷயத்தில் எந்த நிபுணருக்கும் பாடம் சொல்லக்கூடியது. கோவாவை நூல்போல அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், சிறிது தேங்காய்ப்பூ சேர்த்து, நீர் விடாமல் ஐந்து நிமிடம் பிரட்டி இறக்குகிறோம். அதற்கு மேல் என்ன வேண்டும்? கேலையும் தடித்த நரம்பை நீக்கி முருங்கையிலை போலவே வறுக்கலாம். இறக்கிய பின் தேசிக்காய்ப்புளி விடுங்கள். அடுப்பில் இருக்கும்போது விட்டால் பச்சை நிறம் மங்கிவிடும். புரோக்கோலியின் தண்டைப் பலர் எறிந்துவிடுகிறார்கள். தோலைச் சீவிப் பால்கறி வைத்துப் பாருங்கள், நோகோலுக்குச் சற்றும் குறையாது.

இப்போது கடுகு. இம்மரக்கறிகளை நறுக்கும்போது, கலங்களில் தனித்தனியே இருந்த இரண்டு பொருட்கள் கலந்து காரமான புதுப்பொருள் பிறக்கிறது. புரோக்கோலியில் அதற்குச் சல்பொரபேன் என்று பெயர். விஞ்ஞானிகள் ஆராய்வது பெரும்பாலும் இதைத்தான். இந்தச் சேர்க்கையை நடத்தும் நொதியம் வெப்பத்தில் அழிந்துவிடும். நறுக்கி அரைமணி நேரம் வைத்துவிட்டுச் சமைப்பது ஒரு வழி. இன்னொரு வழியை ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2018இல் காட்டினர். சமைத்த புரோக்கோலியின் மீது ஒரு கிராம் கடுகுத்தூள் தூவி உண்டவர்களின் உடலில் சல்பொரபேன் நான்கு மடங்குக்கு மேல் சேர்ந்தது. கடுகில் அதே நொதியம் இருப்பதே காரணம். ஆனால் கொதிக்கும் எண்ணெயில் வெடித்த கடுகில் அது இராது. தாளிதம் வாசனைக்கு மட்டுமே. பச்சைக் கடுகை இடித்து, கறியை இறக்கிச் சூடு தணிந்தபின் ஒரு சிட்டிகை தூவவேண்டும். உறைய வைத்த புரோக்கோலி வாங்குவோருக்கு இது மிக உபயோகமானது. பொதி செய்யுமுன் அதைச் சுடுநீரில் போட்டெடுப்பதால் நொதியம் அங்கேயே அழிந்துவிடுகிறது.

பிள்ளைகள் கைப்பு என்று ஒதுக்குவது பொய்யல்ல. சிறுவரின் நாக்கு கைப்பைக் கூடுதலாகவே உணரும். எனினும் இன்றைய குட்டிக் கோவா, நாம் இங்கு வந்த புதிதில் உண்டது அல்ல. 1990களில் நெதர்லாந்து விஞ்ஞானிகள் கைப்புக்குக் காரணமான பொருட்களை இனங்கண்டபின், கைப்புக் குறைந்த வகைகளை விதைக்காரர்கள் உருவாக்கினர். இரண்டாகப் பிளந்து, எண்ணெயும் சீரகத்தூளும் பிரட்டி, 200 பாகை சூட்டில் இருபது நிமிடம் அவணில் வைத்தால் ஓரம் கருகி இனிக்கும். ஒருநாள் மறுத்தால் விட்டுவிட்டுப் பிறகொரு நாள் வையுங்கள். பத்துத் தடவையாவது கண்டு பழகவேண்டும். வயிற்றுப் பொருமலுக்கு நாம் பெருங்காயமும் இஞ்சியும் சேர்ப்போம். சிறிதாகத் தொடங்கி மெல்லக் கூட்டுவது அதைவிட நிச்சயமானது.

வீட்டில் முதியோர் இருப்பின் இதைக் கவனமாக வாசியுங்கள். இரத்தம் உறையாதிருக்க வோர்பரின் குளிசை எடுப்போர் நம்மிடையே உள்ளனர். அக்குளிசை விற்றமின் கே-யை எதிர்த்தே வேலை செய்கிறது. கேல், குட்டிக் கோவா, புரோக்கோலி ஆகியவற்றில் அது நிறைய உண்டு. ஸ்கொட்லாந்தில் கிறிஸ்துமஸ் காலத்தில் குட்டிக் கோவாவை அளவுமீறி உண்டு, குளிசையின் பலன் குறைந்து வைத்தியசாலை சேர்ந்த ஒருவரைப் பற்றி 2012இல் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. நமக்குக் கிறிஸ்துமஸுக்கு முன்னரே அந்த ஆபத்து வருகிறது: கேதார கௌரி விரதம், கந்தசஷ்டி. மீனும் இறைச்சியும் நின்று, மரக்கறி திடீரென இரட்டிப்பாகும் நாட்கள் அவை. பயந்து கீரையை அடியோடு நிறுத்துவதும் பிழை. அப்போது இரத்தம் அளவுக்கு மிஞ்சி இளகும். வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு உண்பதே முறை. விரதம் தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் சொல்லிவிடுங்கள். பூக்கோவாவில் விற்றமின் கே குறைவு. அப்பிக்ஸபான் போன்ற புதிய குளிசைகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. எது எடுக்கிறார் என்று அப்பாவின் குளிசைப் பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

தைரொயிட் உள்ளவர்கள் கோவாவைத் தொடவே கூடாது என்ற பேச்சும் உண்டு. சமைத்து, சாதாரண அளவில் உண்பதில், உடலில் அயடீன் போதியதாக இருந்தால், பயமில்லை. நாள்தோறும் பச்சைக் கேலை அரைத்துக் குடம் குடமாய்க் குடிப்பதுதான் வேண்டாத வேலை. ஊரில் உப்போடு அயடீன் கிடைத்தது. இங்கு விற்கும் உப்பில் பெரும்பாலும் அது சேர்க்கப்படுவதில்லை. மீனும் பாலும் இரண்டையும் விட்டவர்கள் உப்புப் பெட்டியின் பக்கத்தைத் திருப்பி வாசித்துவிட்டு வாங்குவது நல்லது.