விளையாடும் வேளையைப் பறிக்காதீர்கள்



நம் பிள்ளை பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ அடியெடுத்து வைத்தவுடன் நாம் முதலில் செய்வது என்ன? மாலை விளையாட்டை நிறுத்துகிறோம். பல பள்ளிகளில் உடற்கல்விப் பாடவேளையும் கணிதத்திற்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது. பிள்ளையின் நலம் நாடியே இதனைச் செய்கிறோம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தேர்வின் பாரம் கூடுகின்ற வேளையில், அதைத் தாங்க உதவும் ஊன்றுகோலை நாமே பிடுங்கிவிடுகிறோம் என்பதைச் சிந்தித்தோமா?

அச்சம் உடலில் செய்வது என்ன?

தேர்வை எண்ணி மாணவன் அஞ்சும்போது அவனது உடலில் அட்ரினலின், கார்டிசோல் ஆகிய சுரப்புகள் மிகுகின்றன. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடித் தப்பவோ எதிர்த்து நிற்கவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது. அவனோ புத்தகத்தின் முன் அசையாது அமர்ந்திருக்கிறான். எனவே இறுக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

விரைந்து நடப்பதும் ஓடுவதும் அவ்விறுக்கத்திற்கு வடிகாலாகின்றன. மேலும், ஓடும்போது நெஞ்சு படபடக்கும். நின்றபின் தானே அடங்கும். இதைப் பலமுறை உணர்ந்தவன், தேர்வுக் கூடத்தில் அதே படபடப்பு எழும்போது எளிதில் நிலைகுலைய மாட்டான். உடலை அசைத்தவனுக்கு உறக்கமும் நன்கு வரும். படித்தவை நினைவில் நிலைபெற உறக்கம் இன்றியமையாதது என்பதால், விளையாட்டில் செலவான நேரம் படிப்புக்கும் பயனாகத் திரும்பி வருகிறது.

எவ்வளவு தேவை?

5 முதல் 17 வயது வரையுள்ளோர் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடலை நன்கு இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியுள்ளது. ஆனால் 2016ஆம் ஆண்டின் உலகளாவிய கணக்கீட்டின்படி, 11 முதல் 17 வயதுடையோரில் 81 விழுக்காட்டினர் இவ்வளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் இது 78 விழுக்காடு. பெண் பிள்ளைகளில் 85 விழுக்காடு.

பெண்மக்களைப் பெற்றவர்களே! வயது வந்ததும் நம் மகளுக்குத் தெரு மூடப்படுகிறது. விளையாட்டுத் திடலும் மூடப்படுகிறது. தேர்வின் அச்சம் மட்டும் அவளுக்குக் குறைவதில்லை. மொட்டைமாடியில் கயிறு தாண்டலாம், இறகுப்பந்து ஆடலாம், தாயும் மகளும் சேர்ந்து வேகநடை போகலாம்.

பெருஞ்செலவு வேண்டியதில்லை

ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் நகரில் செயின்ட் நினியன்ஸ் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை எலைன் வைலி, 2012ஆம் ஆண்டு ஓர் எளிய வழக்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் நாள்தோறும் 15 நிமிடம் வெளியில் சென்று, தத்தம் வேகத்தில் ஓடுவார்கள் அல்லது நடப்பார்கள். சிறப்புச் சீருடை இல்லை; கருவி இல்லை; போட்டியும் இல்லை. 'டெய்லி மைல்' எனும் பெயரில் இது பல நாடுகளுக்கும் பரவியது. திடல் இல்லாத பள்ளியிலும் இதற்கு இடம் கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று: ஓட்டத்தைத் தண்டனையாக்காதீர்கள். பிழை செய்த மாணவனைத் திடலைச் சுற்றி ஓடவிட்டால், அவன் ஓட்டத்தையே வெறுக்கக் கற்றுக்கொள்வான்.

இரண்டு: உடற்பயிற்சி ஒரு துணை, எல்லா மனநோய்க்கும் அதுவே மருந்தாகிவிடாது. பிள்ளை வாரக்கணக்கில் வாடியிருந்தாலோ, உண்ணவும் உறங்கவும் இயலாது தவித்தாலோ உடனே மருத்துவரை நாடுங்கள். வாழ விருப்பமில்லை என்று சொன்னால், அதை வெறும் பேச்சென்று தள்ளாதீர்கள். அவனைத் தனியே விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது.

அன்பானவர்களே! மதிப்பெண்ணைப் போலவே பிள்ளையின் மனமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதைத் தேர்வு ஆண்டிலும் அவர்களுக்கே விட்டுவிடுங்கள். இயன்றால் நீங்களும் உடன் நடந்து செல்லுங்கள். அப்போது மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள். பிள்ளை பேசுவதைக் கேளுங்கள்.