பிரின்டர் வாங்கும் முன் பக்கக் கணக்குப் பாருங்கள்



அம்பாறைக் கரையோரத்தில், கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. நம் தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கு போய்ப் படிக்கிறார்கள். விடுதியில் சேர்ந்து கொஞ்ச நாளில், “அப்பா, ரூமுக்கு ஒரு பிரின்டர் வேணும்” என்று பிள்ளை கேட்கலாம். எத்தனையோ நாள் பேர் போட்டுச் சேர்த்த காசு அது. கடையில் விலை குறைந்ததைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதுமா? போதாது. பிரின்டர் விலை ஒரு தடவை கொடுப்பது. மைக்கு விலை படிப்பு முடியும்வரை கொடுப்பது.

மூன்று வகை

முதலாவது, காட்ரிஜ் போடும் மைப் பிரின்டர். வாங்கும் விலை குறைவு. ஆனால் சின்னக் காட்ரிஜ் சிலதில் 200 பக்கம்கூட வராது.

இரண்டாவது, மைத்தொட்டிப் பிரின்டர். போத்தலில் இருந்து மையை ஊற்ற வேண்டும். 2010இல் எப்சன் கம்பெனி இதை இந்தோனேசியாவில் முதலில் விற்றது. விலை கூட, ஆனால் ஒரு கறுப்பு மைப் போத்தலில் சில ஆயிரம் பக்கம் எடுக்கலாம்.

மூன்றாவது, கறுப்பு வெள்ளை லேசர். இதில் மை இல்லை, டோனர் என்ற தூள். மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் தூள் காயாது. ஆனால் தூளைச் சூடாக்கித் தாளில் ஒட்டவைப்பதால், அச்சடிக்கும் நேரம் கரண்ட் பல மடங்கு இழுக்கும். விடுதியில் அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

கணக்கு இப்படி

கீழே உள்ள விலைகள் கணக்கு விளங்குவதற்கு மட்டும். இன்றைய விலையைக் கடையில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

காட்ரிஜ் 4,500 ரூபா, 180 பக்கம் வரும் என்றால், ஒரு பக்கத்துக்கு மை மட்டும் 25 ரூபா. போத்தல் 2,700 ரூபா, 4,500 பக்கம் வரும் என்றால், பக்கத்துக்கு 60 சதம். தாளுக்கு 4 ரூபா சேர்த்தால் 4 ரூபா 60 சதம்.

வெளிக்கடையில் ஒரு பக்கம் 15 ரூபா என்று வைப்போம். மைத்தொட்டிப் பிரின்டரில் எடுத்தால் பக்கத்துக்கு 10 ரூபா 40 சதம் மிச்சம். பிரின்டர் 55,000 ரூபா என்றால், போட்ட காசு திரும்ப ஏறத்தாழ 5,300 பக்கம் எடுக்க வேண்டும். மாதம் 40 பக்கம், வருசம் 10 மாதம், நாலு வருசம் என்றால் ஒரு பிள்ளைக்கு 1,600 பக்கம்தான். தனியாக வாங்கினால் நட்டம். நாலு பேர் சேர்ந்தால் 6,400 பக்கம், அப்போது வாங்கலாம். காட்ரிஜ் பிரின்டரோ, இந்தக் கணக்கில் எத்தனை பக்கம் எடுத்தாலும் கடையை விடச் செலவுதான்.

கூட்டாக வாங்கினால் யார் எத்தனை பக்கம் எடுத்தார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். படிப்பு முடிந்ததும் பிரின்டர் யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசி முடியுங்கள். பிறகு மனக்கசப்பு வராது.

வாங்கும்போது கவனிக்க

பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை சாதாரணப் பக்கத்துக்கு. படம் கூடினால் மை சீக்கிரம் தீரும். புதுப் பிரின்டரோடு வரும் டோனர் சிலதில் முழு அளவு இருக்காது, கேளுங்கள்.

மலையகத்தில் வாங்கி பஸ்ஸில் கொண்டுபோக வேண்டாம். மைத்தொட்டி சரிந்தால் மை ஒழுகும். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ, திருத்திக் கொடுக்கும் கடையாகப் பார்த்து வாங்குவது நல்லது. கேரண்டிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

மைப் பிரின்டரில் வாரம் ஒரு பக்கமாவது எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மை காய்ந்து அடைக்கும். சுத்தம் செய்யவும் மைதான் செலவாகும். கடற்காற்றும் தூசியும் படாமல் துணியால் மூடிவையுங்கள்.

பிள்ளை கேட்டவுடன் கடன்பட வேண்டாம். முதல் இரண்டு மாதம் கடையிலேயே எடுக்கச் சொல்லி, எத்தனை பக்கம் போகிறது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.