உங்களுக்குத் தெரியுமா? ஊரடங்கில் பெரியவர்கள் வாசித்த விதம்

◆ 2020 மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கால் நாடு முடங்கியது. ஹைதராபாத் முதல் நாகர்கோவில் வரை புத்தகக் கடைகளும் நூலகங்களும் மூடின. ஹைதராபாத் அபிட்ஸ் நடைபாதையில் ஞாயிறுதோறும் விரியும் பழைய புத்தகச் சந்தையும் நின்றது.

◆ ஆனால் வாசிப்பு வளர்ந்தது! நீல்சன் புக் இந்தியா ஆய்வின்படி, வயது வந்தோர் புத்தகத்துக்கு ஒதுக்கிய நேரம் வாரத்துக்கு 9 மணி நேரத்திலிருந்து 16 மணி நேரமாகக் கூடியது. பிரிட்டனில் அது மூன்றரை மணி நேரத்திலிருந்து 6 மணி நேரமானது.

◆ ஏப்ரல் 21 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் மாணவர்களுக்கான பாடநூல் கடைகளைத் திறக்க அனுமதித்தது.

◆ அந்நாட்களில் எழுத்தாளர் ஜெயமோகன் தம் இணையதளத்தில் சிறுகதைகளைத் தொடர்ந்து எழுதினார். ‘புனைவுக் களியாட்டு’ என்ற அந்த வரிசை நூறு கதைகளைக் கடந்தது. வீட்டில் அடைபட்டிருந்த தமிழ் வாசகர்கள் கைப்பேசியிலேயே அவற்றைப் படித்தார்கள்.

◆ 1947இல் வெளிவந்த, கொள்ளைநோய் பற்றிய எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் நாவல் அப்போது இத்தாலி, பிரான்ஸ், ஜப்பான் நாடுகளில் மீண்டும் பரபரப்பாக விற்றது.

◆ எல்லோருக்கும் வாசிப்பு கைகூடவில்லை. கவலையில் மனம் ஒன்றாத பலர், முன்பே படித்து ரசித்த நூல்களை மறுபடி எடுத்தார்கள். முடிவு தெரிந்த கதை அவர்களுக்கு ஆறுதல் தந்தது. மனம் சோர்ந்த நாட்களில் நீங்களும் பிடித்த பழைய புத்தகம் ஒன்றிலிருந்து தொடங்கலாம்.