அகழிக்கு உள்ளே ஓர் இரவு

தாம்பரத்தில் இரவு செங்கோட்டை ரயில் ஏறினால் காலையில் அம்பாசமுத்திரத்தில் இறங்கலாம். பாபநாசம் சோதனைச்சாவடியைத் தாண்டி மலை ஏறினால் முண்டந்துறை. ஒரு பக்கம் தாமிரபரணி, மறுபக்கம் சேர்வலாறு. 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். அதற்கு உள்ளே வனத்துறையின் பழைய ஓய்வு விடுதி ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது 'ஃபாரஸ்ட் பங்களா'.

காட்டு பங்களா என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "என்னென்ன வசதி இருக்கு?" ஏசி, டிவி, வைஃபை என்று தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் காட்டுக்குள் ஓர் இரவைக் கழிக்க மனிதனுக்கு உண்மையில் என்ன தேவை என்று யோசித்துக் கட்டிய கட்டடம் அது. வெள்ளைக்காரர் காலத்தில் வன அதிகாரிகள் நடந்தும் குதிரையிலும் காடு சுற்றினார்கள். ஒரு நாள் நடை எங்கே முடிகிறதோ அங்கே ஒரு விடுதி. பாம்பும் மழைநீரும் ஏறாத உயரமான அடித்தளம், சாரலை வெளியிலேயே நிறுத்தும் அகன்ற தாழ்வாரம், தீப்பொறி வீட்டைத் தொடாதபடி தள்ளிக் கட்டிய சமையலறை. இந்த அமைப்பைப் பழைய விடுதிகள் பலவற்றில் பார்க்கலாம்.

தண்ணீரைப் பாருங்கள். இங்கே தாம்பரம் பக்கம் மேடவாக்கத்திலும் சேலையூரிலும் மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம், கோடையில் லாரிக்குக் காத்திருக்கிறோம். மலை விடுதிகளில் மேலே உள்ள ஓடையிலிருந்து ஒரு குழாய் இறங்கிவந்தால் போதும். பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் தானாகக் கிடைக்கும். மின்சாரமே வேண்டாம். வெந்நீருக்கு விறகடுப்பும் அண்டாவும் உண்டு. அந்தப் புகைவாசத்தோடு ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும் சுகத்தை எந்த கீசரும் தந்ததில்லை.

எனக்கு மிகப் பிடித்த பொறியியல், இப்படிப்பட்ட விடுதிகளைச் சுற்றி வெட்டப்படும் யானை அகழி. யானையால் குதிக்க முடியாது. ஓடும்போதுகூட நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும்பாது. அதனால் ஆளுயரம் தாண்டிய ஆழமும் காலெட்டாத அகலமும் உள்ள பள்ளம் அதைத் தடுத்துவிடும். ஆனால் மழை கரையை அரிக்கும். யானையும் சும்மா நிற்காது. விளிம்பு மண்ணைக் காலால் தள்ளித் தள்ளிச் சரிவாக்கி இறங்கிவிடும். ஆண்டுதோறும் தூர்வாராத அகழி வெறும் வாய்க்கால்தான்.

மலையில் தங்கும் வசதி நாட்டுக்கு நாடு மாறும். சுவிட்சர்லாந்தில் ஆல்பைன் சங்கம் 1863இல் முதல் மலைக்குடிலைக் கட்டியது. இன்று அதற்குச் சுமார் 150 குடில்கள். வரிசைப் படுக்கை, கம்பளி, சூடான சூப், சமைத்துப்போட ஒரு பொறுப்பாளர். நியூசிலாந்தில் அரசு பராமரிக்கும் குடில்கள் 900க்கும் மேல். பலவற்றில் ஆளே இருக்க மாட்டார்கள், படுக்கை விரிப்பும் அடுப்பும்கூட நாமே சுமக்க வேண்டும்.

நம் ஊர் விடுதியின் பெரிய வசதி வாட்சர்தான். பொதிகை மலையின் காணி மக்களில் பலர் இந்தக் காட்டில் காவலர்களாக இருக்கிறார்கள். அரிசி, பருப்பு, காய்கறியை அம்பாசமுத்திரத்திலேயே வாங்கிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் அவர்களே சமைத்துத் தருவார்கள். பலாப்பழமும் வாழைத்தாரும் மட்டும் வேண்டாம். வாசனை யானைக்கு எட்டும். அனுமதிச்சீட்டு இல்லாமல் போவதும் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 23 பேரை இழந்தோம். சென்னைப் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் உண்டு. அதன்பின்தான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன.

இருட்டிய பிறகு தாழ்வாரத்தை விட்டு இறங்கக் கூடாது. வாட்சர் சொன்னால் சொன்னதுதான். விடிந்ததும் அவரோடு அகழி ஓரமாக நடந்து பாருங்கள். ஈரமண்ணில் வட்டமாக ஒரு முன்கால் தடம் கிடக்கலாம். ஒரு கயிற்றால் அதைச் சுற்றி அளந்து, அந்த அளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் ஏறத்தாழ வந்துவிடும். தடம் நாலரை அடிச் சுற்றளவு என்றால், இரவு நீங்கள் தூங்கும்போது அகழிக்கு அந்தப் பக்கம் நின்றது ஒன்பதடி யானை.