குளுக்கோஸ் பாட்டிலில் சோறு இல்லை

போன மாதம் உறவினர் ஒருவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். வலது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் வைத்த இட்லித் தட்டு கால்மாட்டு ஸ்டூலில் அப்படியே இருந்தது. மூன்று இட்லியும் காய்ந்துபோய், சட்னி ஓரம் கறுத்துவிட்டது. எட்டி எடுக்க அவரால் முடியாது. பதினொரு மணிக்கு வந்த ஊழியர், "சாப்பிடலையா தாத்தா?" என்று கேட்டபடியே தட்டை எடுத்துக்கொண்டு போனார். வெளியே போயிருந்த மகள் வந்ததும் சொன்னேன். "அதான் குளுக்கோஸ் ஏறுதே சார்" என்றார்.

அந்த மகளைக் குறை சொல்ல மாட்டேன். நம்மில் பலருக்கும் இதே நம்பிக்கைதான். ஆனால் கணக்குப் பாருங்கள். 5 சதவீதக் குளுக்கோஸ் அரை லிட்டர் ஏறினால் உடம்புக்குப் போவது 25 கிராம் சர்க்கரை, சுமார் 100 கலோரி. இரண்டு இட்லி தருவது அவ்வளவுதான். குளுக்கோஸில் புரதமோ துளியும் கிடையாது.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் 500 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1994இல் வெளியானது. மருத்துவமனையில் சேரும்போதே நூற்றுக்கு நாற்பது பேர் ஊட்டம் குறைந்தவர்கள். ஆய்வில் இருந்தவர்களில் மறுபடி எடை பார்க்க முடிந்தவர்கள், வீடு திரும்பும்போது சராசரியாக 5.4 சதவீத எடையை இழந்திருந்தார்கள். 60 கிலோ ஆளுக்கு இது மூன்று கிலோவுக்கு மேல். கரைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். சளியை இருமித் துப்பவும், எழுந்து கழிப்பறைக்கு நடக்கவும் அந்தத் தசைதான் வேண்டும்.

சாப்பாடு தவறுவதற்குக் காரணங்கள் பல. ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் காத்திருப்பவருக்கு, ஸ்கேன் தள்ளிப்போனால் மதியச் சாப்பாடும் போய்விடுகிறது. பல் செட் வீட்டிலேயே கிடக்கிறது. இவற்றோடு நம் பத்தியமும் சேர்ந்துகொள்கிறது. ஆபரேஷன் புண் சீழ் பிடிக்கும் என்று முட்டையையும் மீனையும் நிறுத்திவிடுகிறோம். புண் ஆறப் புரதம் தேவைப்படும் நாட்களில்தான் அதைப் பறிக்கிறோம். இது பெரிய தவறு.

பிரிட்டனில் பல மருத்துவமனைகளில், சாப்பிட உதவி தேவைப்படுபவருக்குச் சிவப்புத் தட்டில் உணவு வரும். நிறத்தைப் பார்த்தே ஊழியர்கள் அருகில் போய்விடுவார்கள். சுவிட்சர்லாந்தில் 8 மருத்துவமனைகளில், ஊட்டக்குறைவு அபாயமுள்ள 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. ஆளுக்கேற்றபடி உணவைத் திட்டமிட்டுக் கொடுத்த பிரிவில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர். வழக்கமான சாப்பாடு சாப்பிட்டவர்களில் பத்துப் பேர்.

உங்கள் வீட்டில் யாராவது அட்மிட் ஆனால், முதல் நாளே எடையைக் குறிக்கச் சொல்லுங்கள். தட்டில் எவ்வளவு மிச்சம் என்பதை ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் உணவு நிபுணரைக் கேளுங்கள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிப் போகிறோம். அடுத்த முறை சாப்பாட்டு நேரத்தில் போங்கள். நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நாலு வாய் ஊட்டிவிட்டு வாருங்கள்.